மூன்று தலைமுறைக்கு அப்பால்

1

மூதாதையைத் தேடிப் போகிறவனுக்குக் கிடைப்பது அநேகமாக ஒரு கணக்குத்தான். அந்த மனிதனிடமிருந்து யாருக்கு என்ன வரவேண்டியிருந்தது என்ற கணக்கு. நம் பக்கத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இதை ஒரு விதியாகவே சொல்லலாம். வரி வாங்கியவன், கடன் கொடுத்தவன், கூலிக்கு ஆள் சேர்த்தவன், வழக்குப் போட்ட பங்காளி - இவர்களில் ஒருவருடைய கை பட்டிருந்தால்தான் ஒருவனின் பெயர் எழுத்தில் நிற்கிறது. யாருக்கும் பாக்கி வைக்காமல், யாரோடும் வழக்காடாமல், பிறந்த ஊரிலேயே உழுது செத்தவனுக்குக் காகிதத்தில் இடமில்லை.

இதைப் பார்க்க இராமநாதபுரம் சீமை தோதான இடம். முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் 1795ல் பதவியிலிருந்து நீக்கிச் சிறைவைத்தார்கள். 1809ல் சென்னையில் சிறைவாசத்திலேயே அவர் இறந்தார். அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு 1803ல் சாசுவத ஜமீன் சன்னது கொடுக்கப்பட்டது. அரசாக இருந்தது ஜமீன் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டின் வம்சாவளி முழுவதும் கோர்ட்டு விஷயம். ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கணவர் காலமான பிறகு எடுத்த சுவீகாரம் செல்லுமா என்ற கேள்வி மதுரைக் கலெக்டருக்கும் ஜமீனுக்கும் இடையே வழக்காகி, லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், 1868ல் முடிந்தது. கணவனின் சபிண்டர்கள் சம்மதித்திருந்தால் இந்தத் தேசத்தில் விதவை சுவீகாரம் எடுக்கலாம், தெளிவாக நிரூபணமான வழக்கம் சாஸ்திர வாசகத்தைவிட வலுவுள்ளது என்பது தீர்ப்பு. பக்கத்துச் சிவகங்கையில் 1829ல் ஜமீன்தார் இறந்ததும் தொடங்கிய வாரிசுச் சண்டை 1863ல்தான் அதே பிரிவி கவுன்சிலில் ஓய்ந்தது.

யார் யாருக்குப் பிள்ளை, எந்த மனைவி மூத்தவள், பாகம் பிரிந்ததா இல்லையா, சொத்து பிதுரார்ஜிதமா சுயார்ஜிதமா என்று இரண்டு வழக்குகளிலும் சாட்சிகள் சத்தியம் செய்து சொன்னார்கள். அந்த வம்சங்களின் சரித்திரம் நமக்கு இவ்வளவு விரிவாகக் கிடைப்பதற்கு அவர்களுடைய பெருமை மட்டும் காரணமில்லை. சண்டை போடுவதற்கு அவர்களிடம் சொத்து இருந்தது. அந்தச் சொத்தின் வருமானத்தை மேல்வாரமாக வருஷாவருஷம் அளந்து கொடுத்தவர்களின் பாட்டன் பெயரை லண்டனில் யாரும் கேட்கவில்லை.

2

என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் அப்படி அளந்தவர்களில் ஒருவர். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்து உழுதவர். அவரைச் சொல்லும் காகிதங்களாக எங்கள் வீட்டில் எஞ்சியவை இரண்டு. ஒன்று ஜமீன் பட்டா. மற்றதைப் பின்னால் சொல்கிறேன்.

ரயத்துவாரி கிராமங்களில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நேரடியான கணக்கு இருந்தது. ஜமீன் கிராமத்தில் அவன் ஜமீன் கச்சேரியின் கணக்கில் மட்டும் இருந்தான். 1865ஆம் வருஷத்து எட்டாவது சட்டம், ஜமீன்தார் குடிக்குப் பட்டா தரவேண்டும், குடி முச்சிலிக்கா எழுதித் தரவேண்டும், இது நடக்காமல் வாரப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது என்று வைத்தது. ஆகவே தன் வசூலைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஜமீன் குடியின் பெயரை எழுதவேண்டியதாயிற்று. என் முன்னோர் எழுத்தில் ஏறியது இந்த வழியாகத்தான். நிலத்தில் குடிக்கு நிலைத்த சாகுபடி உரிமையைத் தெளிவாக வகுத்தது 1908ஆம் வருஷத்துச் சட்டம். ஜமீனையே ஒழித்தது 1948ஆம் வருஷத்துச் சட்டம். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

பட்டாவில் அவர் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர், நிலத்தின் நாலெல்லை, எந்த மடையில் தண்ணீர், ஜமீனுக்கு எவ்வளவு வாரம் என்பவை இருக்கின்றன. வடக்கே இன்னார் செய், தெற்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் செய், மேற்கே பாதை. நடுவில் உள்ள சதுரம்தான் அவர். அவருடைய உயரம், குரல், கோபம், மனைவியின் பெயர் எதற்கும் அங்கே தேவை ஏற்படவில்லை.

சரி, பெயராவது இருக்கிறதே என்றால் அதிலும் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் மூத்த பையனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பது வழக்கம். இது எங்களுக்கு மட்டும் உரியதல்ல; பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதான். இதனால் இரண்டே பெயர்கள் மாறிமாறி வருகின்றன. அ-வின் மகன் ஆ, ஆ-வின் மகன் அ, மறுபடி அ-வின் மகன் ஆ. பசலி எண் அழிந்துபோன ஒரு காகிதத்தில் 'ஆ மகன் அ' என்று கண்டால் அது எந்த அ என்று சொல்ல முடியாது. பாட்டனாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம்.

ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இது தொல்லை. ஆனால் அந்த வீட்டின் நோக்கில் இது குறையே இல்லை. கச்சேரிக் கணக்குக்கு ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்துக் காட்டவேண்டியிருந்தது. பாக்கி யார் பேரில் என்று தெரிந்தாகவேண்டும். வீட்டுக்கோ போனவன் திரும்பி வந்தாகவேண்டும். பிரித்துக் காட்டாமல் இருப்பதுதான் அந்தப் பெயரின் வேலை. நான் தேடும் 'தனி மனிதன்' என்ற உருவம் என் காலத்துடையது, அவருடையதல்ல என்ற சந்தேகம் எனக்கு இங்கேதான் முதலில் எழுந்தது. தன்னைத் தனியாக எடுத்து நிறுத்தி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுவதை அவர் புரிந்துகொண்டிருப்பாரா?

அவர் ஆயுளின் நடுவில் தாது வருஷப் பஞ்சம் வந்திருக்கவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சர்க்கார் எழுதிவைத்தது மலைமலையாக இருக்கிறது. நிவாரண வேலையில் இருந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு மேல் அவசியமா என்று ரிச்சர்டு டெம்பிளும் அவரை எதிர்த்த வைத்தியர்களும் நடத்திய விவாதம் அதில் இருக்கிறது. மண் வெட்டியவன் உடம்பு தாங்க எத்தனை அவுன்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், வெட்டியவன் யார் என்று எழுதவில்லை. 1871லிருந்து ஜனத்தொகைக் கணக்கும் எடுக்கப்பட்டது. அதிலும் என் முன்னோர் ஒரு எண்ணில் ஒன்றாகக் கரைந்திருப்பார்.

3

ஊரைவிட்டுப் போனவர்களின் கதை வேறு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்காலில் மச்சம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று அந்தப் பட்டியல்களைப் பார்த்து மூதாதையின் கிராமத்தைக் கண்டுபிடித்து வருகிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பூட்டனின் மச்சம் தெரியும். ஊரிலேயே இருந்த என் முன்னோரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த மச்சம் எதற்காக எழுதப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக.

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பெரும்பாலோர் போனது நேட்டாலுக்கல்ல, எதிர்க்கரைக்கு. காப்பித் தோட்டங்களுக்கும், 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழித்ததும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். பாம்பன் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து வன்னிக் காட்டின் வழியே மாத்தளைக்குக் கால்நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இந்தப் பயணத்துக்கு நேட்டால் மாதிரியான ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. ஆள் சேர்த்த கங்காணிக்கும் கூலிக்கும் இடையிலுள்ள முன்பணம்தான் கயிறு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதானால் 'துண்டு' வேண்டும். இவன் பேரிலுள்ள கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. 1921ல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை ஒரு மனிதனின் மதிப்பு அந்தச் சீட்டில் எழுதிய தொகை. சீட்டுகளை யார் பாதுகாத்து வைப்பார்கள்? ஆகவே இலங்கைக்குப் போனவனுக்கு நேட்டாலுக்குப் போனவனின் மச்சமும் இல்லை, ஊரில் இருந்தவனின் நாலெல்லையும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சீமையிலிருந்து வறுமைப்பட்டு இலங்கைக்குப் போனவர். அங்கே கங்காணியாகி, பிறகு இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே உடைமைக்காரர் ஆனார். மகன் 1913ல் பிறந்து, தொழிலாளர் தலைவராகி, மந்திரியாகி, 1999ல் காலமானார். மகன் தன் சரிதையைச் சொன்னபோது தகப்பனின் பயணமும் கதையாயிற்று. கருப்பையாவின் கதை நமக்குத் தெரிவதற்கு அவர் நடந்த நடை காரணமல்ல. அதே வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். அவருக்கு ஒரு தொண்டமான் பிறந்தார், அதுதான் காரணம். மூதாதை சந்ததியைப் பெறுகிறான் என்பது இயற்கை; சந்ததிதான் மூதாதையைப் பெறுகிறது என்பது சரித்திரம்.

அலெக்ஸ் ஹேலி 1976ல் 'ரூட்ஸ்' எழுதியபோது இது உலகம் முழுவதும் ஒரு வேகமாகப் பரவியது. அவர் காட்டிய வம்சத் தொடரைப் பத்திரங்கள் தாங்கவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்து அழுதவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அடிமைப்படுத்தப்பட்டவனின் சந்ததி தனக்கொரு மூதாதையைக் கற்பித்துக்கொள்வது பறிகொடுத்ததை மீட்கும் காரியம். நிலம் வைத்திருந்தவனின் சந்ததி அதையே செய்தால் அது என்ன காரியம்?

4

இராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் மூதாதையோடு நமக்குள்ள உறவு என்ன என்பதற்கு ஒரு பழைய பதில் கிடைக்கிறது. புரோகிதர் பெயர் கேட்கிறார். தகப்பன், பாட்டன், பூட்டன். வசு, ருத்ரன், ஆதித்யன் என்று அவர்களுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் பெயர் கேட்பதில்லை. இங்கே ஒருவன் செத்துப் பித்ருவாகும்போது, மேலே நாலாவதாக நின்றவர் பெயர் இழந்து விலகிக்கொள்கிறார். அவருக்குப் பிண்டம் இல்லை. கையில் ஒட்டியதைத் துடைக்கிற துளிதான் பாகம் என்கிறது சாஸ்திரம்.

மூன்று தலைமுறை என்ற இந்த எல்லை சடங்கில் மட்டும் இல்லை. இந்துக் கூட்டுக்குடும்பத்தின் சொத்துரிமையும் பழைய சாஸ்திரப்படி மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரைதான். கடனும் அவ்வளவுதான். தகப்பனும் பாட்டனும் பூட்டனும் பட்ட கடனைத் தீர்ப்பது மகனுக்கும் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் புண்ணியக் கடமை என்று வைத்து, நம் கோர்ட்டுகள் அதன்மேல் டிக்ரி கொடுத்துவந்தன. தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் குறிப்பது தற்செயலல்ல. நீத்தார் கடனும் வட்டிக் கடனும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. சபிண்டன் என்றால் பிண்டத்தில் பங்குள்ளவன், சொத்திலும் பங்குள்ளவன். 1868ல் லண்டனில் இராமநாதபுரம் ராணிக்குத் தேவைப்பட்டது அந்தச் சபிண்டர்களின் சம்மதம்தான்.

2005ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் இந்த ஏட்டை மூடியது. இனி ஏற்படும் முன்னோர் கடனுக்காக, புண்ணியக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன்மேலோ பேரன்மேலோ கொள்ளுப்பேரன்மேலோ வழக்கில்லை என்று சொன்னது. அதே பிரிவு பெண்ணையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. தமிழ்நாட்டில் அது 1989லேயே வந்துவிட்டது. ஒரே பிரிவில் மகள் உள்ளே வந்தாள், முன்னோர் கடன் வெளியே போயிற்று. இரண்டுமே நல்லதற்குத்தான். ஆனால் மூதாதைக்கும் நமக்கும் இடையே இருந்த கட்டாயமான ஒரே கயிறு இதோடு அறுந்துவிட்டது. இனி நாம் அவரை நினைப்பது விருப்பத்தின்பேரில். விருப்பத்தின்பேரில் நினைக்கிறவன் தனக்கு வேண்டியதை மட்டும் நினைப்பான்.

என் கேள்வி இந்த எல்லைக்கு வெளியே உள்ளது. நான் தேடுகிறவர் நாலாவது தலைமுறைக்காரர். சாஸ்திரப்படி அவருக்கு நான் பிண்டம் வைக்கவேண்டியதில்லை. சட்டப்படி அவருடைய சொத்தும் கடனும் என்னுடையவை அல்ல. அவரோடு எனக்கு இன்னும் என்ன சம்பந்தம்?

ரத்த சம்பந்தம் என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு தலைமுறைக்கு மேலே எனக்குப் பதினாறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். பதினாறில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து 'எங்கள் மூதாதை' என்கிறேன். பட்டா அவர் பேரில் இருந்தது என்பதற்காக. இந்தச் சீமையிலேயே கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய்வழியாக வருகிறது. பிள்ளை தாயின் கிளை. ஒரே கிளைக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். நிலமோ தகப்பன் வழியில் இறங்கியது. யார் நீ என்று கல்யாணப் பேச்சில் கேட்டால் ஒரு பதில், கச்சேரியில் கேட்டால் வேறு பதில். கச்சேரியின் பதிலைத்தான் நாம் வம்சம் என்று நம்பப் பழகியிருக்கிறோம். எங்கள் பக்கத்து வீடுகளில் கன்னியாகச் செத்த பெண்ணுக்கு ஓலைப்பெட்டியில் சேலை வைத்துக் கும்பிடுவது உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பட்டாவில் பெயரில்லை, தர்ப்பணத்தில் இடமில்லை. தெய்வமாக இருக்கத்தான் இடம்.

5

இப்போது அந்த இரண்டாவது காகிதம்.

அது ஒரு முறி. பஞ்சத்தை ஒட்டிய காலத்தது. ஒருவன் என் முன்னோரிடம் நெல்லும் கொஞ்சம் ரொக்கமும் வாங்கிக்கொண்டு, கடன் தீரும்வரை தானும் தன் பெண்சாதியும் பண்ணை வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதியது வேறு யாரோ; அவன் போட்டது ஒரு கீறல். அவனுடைய பெயர் இருக்கிறது, சாதி இருக்கிறது, தகப்பன் பெயர் இல்லை. பெண்சாதிக்குப் பெயரே இல்லை. கடன் தீர்ந்ததாக முதுகில் வரவு எழுதப்படவில்லை.

ஜமீன் பட்டாவில் என் முன்னோர் கீழே நிற்கிறார். முறியில் மேலே நிற்கிறார். மேல்வாரம் அளந்து களைத்தவரும், பசியில் வந்தவனிடம் கீறல் வாங்கியவரும் ஒரே ஆள். முதல் காகிதத்தை மட்டும் வைத்து எழுதினால் ஜமீன் கொடுமைக்கு ஆளான உழவனின் கதை கிடைக்கும். அப்படிப்பட்ட கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. பொய்யும் அல்ல. அடிமை என்ற ஸ்திதியைக் கோர்ட்டு அங்கீகரிக்காது என்று 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே அடிமை ஓலை கடன் முறியாக உருமாறிற்று. கொத்தடிமைக் கடன்கள் யாவும் ரத்து என்று 1975ல் அவசரச் சட்டமும் 1976ல் சட்டமும் வரும்வரை அந்த உருமாற்றம் இந்த நாட்டில் செல்லுபடியாயிற்று.

எங்கள் குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு ஒரு மலர் போட்டார்கள். வம்ச வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முறியைப் பற்றியும் எழுதுவேன் என்றேன். சித்தப்பா சொன்னார்: "அது எதுக்குப்பா? அவங்க வீட்டுப் பிள்ளைக இன்னைக்கு நல்லாப் படிச்சு நல்ல வேலையில இருக்காங்க. உன் தாத்தன் எங்க தாத்தனுக்கு ஆளா இருந்தான்னு அச்சுப் போட்டுக் கொடுத்தா சந்தோஷப்படுவாங்களா?"

இதைத் தட்டிவிட முடியாது. நம் குற்றவுணர்வை ஆற்றிக்கொள்வதற்காக மறுபடியும் அவர்களுடைய பெயரையே செலவு செய்கிறோமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் சித்தப்பாவின் மௌனம் இரண்டு பேரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒருவரை மட்டும் காப்பாற்றுகிறது. இந்த ஜில்லாவில் குலப் பெருமை எழுதுவது எவ்வளவு சாதுவான காரியம் என்பது 1957ல் முதுகுளத்தூரில் நடந்ததை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் செப்டம்பரில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். கொலைகளும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. ஒவ்வொரு பக்கமும் தன் மூதாதையை முன்னே நிறுத்திக்கொள்வது அன்றோடு முடியவில்லை. முறியை விட்டுவிட்டு எழுதப்படும் வம்ச வரலாறு அந்த வரிசையில் போய்ச் சேரும்.

நான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. நான் பிறக்காத காலத்தில் நடந்ததற்கு நான் குற்றவாளி ஆக முடியாது. குடி, சூது, காமம் இவற்றால் தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்கவேண்டாம் என்று ஸ்மிருதிகளே விலக்கு வைத்தன. பாவம் செய்தவனோடு நிற்கட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. குற்றம் பரம்பரையாக இறங்குவதில்லை. அனுபோகம் இறங்குகிறது. அந்த நஞ்சையை என் தாத்தா விற்றார். விற்ற பணத்தில் என் தகப்பனார் பட்டணத்தில் தங்கிப் படித்தார். அந்தப் படிப்பினால் எங்கள் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. இந்தக் கட்டுரையை எழுதும் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் ஒரு வழி அந்த நெல்லில் முடிகிறது. கீறல் போட்டவன் பக்கத்திலிருந்து அதே வழியில் முன்னால் வந்தால் என்ன கிடைக்கிறது என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும். எழுதத் தெரிந்தவன் அவன் இல்லை. எழுதிவைத்தது அவன் வாங்கிய நெல்லை மட்டும். அவனும் அவன் பெண்சாதியும் உழைத்துத் திருப்பியதைக் குறித்துக்கொள்ள ஏடு இருக்கவில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முறி எங்கள் காகிதம் என்று நினைப்பதுதான் முதல் கோணல். அதில் கையெழுத்து அவனுடையது. அந்தக் குடும்பத்துக்கும் அவன் நாலு தலைமுறைக்கு மேற்பட்டவன். அவன் எழுத்தில் விட்டுப்போன ஒரே தடயம் எங்கள் பெட்டியில் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுப்பதுதான் முதல் காரியம். கிழித்துப் போடுவதோ, சட்டம் போட்டு மாட்டுவதோ, அச்சில் ஏற்றச் சொல்வதோ அவர்கள் இஷ்டம். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மலருக்கு எழுதித் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். பாதி எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல். இங்கேகூட ஊர்ப் பெயரையும் ஆட்பெயர்களையும் சொல்லாமல் எழுதுவது அதனால்தான்.

6

அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களையும் சொல்லி முடித்த பிறகு ஒரு கடைசிக் கை நீர் இருக்கிறது. தாயும் தகப்பனும் சுற்றமும் நண்பனும் இல்லாமல் போனவர்களுக்கு, நீர் வார்க்க யாரும் இல்லாதவர்களுக்கு என்று சொல்லி அதை விடுகிறார்கள். தன் குலத்தைச் சேர்ந்தவர்களுக்கு என்ற நிபந்தனை அங்கே இல்லை. சடங்கில் எனக்குப் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் பெயர் தீர்ந்த இடத்தில் குலமும் தீர்ந்துவிடவேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று தலைமுறை வரை 'என்னுடையவர்' என்று சொல்ல ஒரு நியாயம் உண்டு. முகத்தை நேரில் பார்த்தவர்களைப் பார்த்த ஒருவராவது நம் காலத்தில் இருந்திருப்பார். அதற்கு அப்பால் என் பூட்டனின் தகப்பனாரும் அவரிடம் முறி எழுதியவனும் எனக்குச் சமதூரத்தில் நிற்கிறார்கள். ஒருவரைத் தேடிப் போனால் மற்றவரையும் கண்டாகவேண்டும்.

இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அதன் கரை மைல்கணக்கில் போகிறது. கரை உடையாமல் இருந்தால்தான் மடைக்குக் கீழே சோறு. வண்டல் எடுப்பதும் கரைக்கு மண் போடுவதும் குடிமராமத்தாக ஊர் செய்த வேலை. குடிகள் வராவிட்டால் செலவை அவர்களிடம் வசூலிக்க 1858ஆம் வருஷத்து முதலாவது சட்டம்கூட வந்தது. என் முன்னோர் அங்கே மண் சுமந்திருப்பார். பெரும்பாலும் தனக்குப் பதிலாகத் தன் ஆளை அனுப்பியிருப்பார். அந்த ஆளின் பெண்சாதியும் கூடை தூக்கியிருப்பாள். எந்த மண் யார் போட்டது என்று இப்போது பிரிக்க முடியாது. மழை பொய்க்காத வருஷங்களில் அந்தக் கரை தண்ணீரை இன்னும் தாங்குகிறது.